சத்தம் சரியாக வந்ததா

ஹெட்ஃபோனின் கம்பி அறுந்துபோவது பெரிய விஷயமில்லை. கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கியிருக்கலாம், சோம்பல். அந்தச் சோம்பல்தான் என்னை உங்கள் முன்னால் உட்கார வைத்திருக்கிறது. அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். என் அறையிலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டதும் அவளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். என்னைத் தேடி எங்கள் வீட்டுக்கு யாரும் வந்ததே இல்லை. இரண்டு கோப்பைத் தேநீரும் தட்டில் பிஸ்கட்டுமாக மாடியேறி வந்தவள், கதவுக்கு வெளியே நின்று அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று கேட்டிருக்கிறாள். பிறகு காவல் நிலையத்துக்கு, உங்களுக்கு போன் செய்தாள். நீங்கள் என்னை அழைத்துப் போகும்போது தேநீர் படிக்கட்டிலேயே ஆறிக் கிடந்தது.

உங்கள் பதிவுக் கருவி ஓடுகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் போதும்.

ஹெட்ஃபோன் இல்லாமல் ஸ்பீக்கரில் ஓடிய அந்தக் குரல் இமோஜனுடையது. போன பிப்ரவரியில் எங்கள் படப்பிடிப்பின்போது இறந்துபோனவள். அதை விபத்து என்று எழுதி முடித்தீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. நான் சொன்னதைத்தான் எழுதினீர்கள்.

எங்கள் கல்லூரியில் ஊடகப் பாடம் எடுத்தவர்கள் ஒரு படத்தின் முதல் இரண்டு நிமிடத்தை எடுத்துக் காட்ட வேண்டும். முழுப் படம் வேண்டாம், தொடக்கம் போதும். முக்கால்வாசிப் பேர் திகில் படம்தான் எடுப்பார்கள். ஒரு முகமூடியும் ஓடுவதற்கு ஒரு பெண்ணும் இருந்தால் காரியம் முடிந்தது. ஆசிரியை ஹாலோவெல் கடைசியில் ஒரே கேள்விதான் கேட்பார்: இந்த வகைப் படங்களின் வழக்கங்களை எங்கே பின்பற்றினீர்கள், எங்கே மீறினீர்கள்? மதிப்பெண் அந்தப் பதிலுக்குத்தான்.

குழுக்களை அவரவரே பிரித்துக்கொண்டார்கள். வழக்கம்போல நான் மிஞ்சினேன். ஹாலோவெல் என்னை எந்தக் குழுவின் தலையில் கட்டலாம் என்று யோசித்தபோது இமோஜன் கையைத் தூக்கினாள்.

"ஜாரெட் எங்களோட வரட்டும் மிஸ்."

அதை அவள் சாதாரணமாகச் சொன்னாள். வீட்டுக்குப் போகும் பேருந்தில் நான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கெய்ரன் கேமராவும் இயக்கமும். பிப்பாவுக்கு முகமூடி. இமோஜனுக்கு வெள்ளை இரவு உடை. மிச்சமிருந்தது ஒலிப்பதிவு. யாரும் கேட்காத வேலை என்றாலும் எனக்குப் பிடித்திருந்தது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டால் நாம் ஏன் பேசாமல் இருக்கிறோம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கொலைகாரனைத் தொடக்கத்தில் காட்டவே கூடாது, அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தால் போதும் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். கெய்ரன் கேட்கவில்லை. பிப்பா முகமூடியை ஏற்கெனவே வாங்கிவிட்டாளாம்.

இடம் நான் கொடுத்தது, எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள கடலோரச் சதுப்பு. தட்டையான புல்வெளி, நடுவே ஓடைகள், தூரத்தில் போர்க்காலத்துக் கான்கிரீட் காவல் அறை ஒன்று. பகலில் எடுத்துவிட்டுக் கணினியில் நீலம் ஏற்றினால் இரவாகிவிடும். படம் தூரத்தில், சத்தம் பக்கத்தில். அதுதான் பயம் என்று ஹாலோவெல் சொல்லிக் கொடுத்திருந்தார். அதனால் இமோஜன் எறும்பு அளவுக்குத் தெரியும் தூரத்தில் ஓடுவாள், அவள் மூச்சு நம் காதில் கேட்கும். கழுத்துப் பட்டைக்குள் சின்ன மைக்கை நான்தான் பொருத்தினேன். அவள் அசையாமல் நின்றாள். என் கை ஜில்லென்று இருக்கிறது என்று சிரித்தாள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. "காப்பாத்துங்க", "போதும்", "விடுங்க" எல்லாமே வசனம். நிஜமாகவே ஏதாவது ஆனால் எப்படித் தெரியும்? அதற்காக இப்படி எடுக்கிறவர்கள் சம்பந்தமில்லாத ஒரு சொல்லை முன்கூட்டியே முடிவு செய்துகொள்வார்கள். எங்கள் சொல் "கஸ்டர்ட்". கல்லூரிச் சாப்பாட்டில் வரும் அந்த மஞ்சள் கூழை நினைத்துக் கெய்ரன் வைத்தது. யார் காதில் விழுந்தாலும் உடனே நிறுத்திவிட்டு ஓட வேண்டும். அந்தத் தூரத்தில் அது என் காதில் மட்டும்தான் விழும் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

மைக் போட்ட பிறகு அவளும் பிப்பாவும் காரில் உட்கார்ந்திருந்தார்கள். மைக் ஓடிக்கொண்டிருந்தது.

"இவன எதுக்குடி நம்ம தலையில கட்டின?" என்றாள் பிப்பா.

"பாவம்டி. யாருமே சேத்துக்கல. இது முடியட்டும், அப்புறம் அவன் யாரோ, நாம யாரோ."

நீங்கள் இதைத்தான் காரணம் என்று நினைப்பீர்கள். இல்லை. எனக்குக் கோபமே வராது. அம்மாவைக் கேட்டுப் பாருங்கள்.

முதல் தடவை ஓடும்போது இமோஜன் சிரித்துவிட்டாள். இன்னொரு தடவை எடுக்க வேண்டியிருந்தது. தன் பங்கு முடிந்த பிப்பா குளிர் தாங்காமல் காருக்குப் போய்விட்டாள். கடல் தண்ணீர் ஏறி ஓடைகள் நிரம்ப இன்னும் நேரமிருக்கிறதா என்று கெய்ரன் கேட்டான். இருக்கிறது என்றேன். ஓடிவிட்டுத் திரும்பி வருகிறவளுக்கு இருந்தது.

இமோஜன் ஓடினாள், விழுந்தாள், எழுந்து எங்கள் பக்கம் திரும்பிக் கைகளை வீசினாள். எல்லாம் எழுதியபடிதான். ஆனால் ஓடையின் கரையில் விழ வேண்டியவள் ஓடைக்குள் விழுந்திருந்தாள். அங்கே சேறு தொடை வரைக்கும் இழுக்கும்.

"கால் மாட்டிக்கிச்சு. கஸ்டர்ட்." முதலில் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இரண்டாவது முறை சிரிக்கவில்லை. "ஜாரெட், உனக்குத்தான கேக்கும்? கஸ்டர்ட். கெய்ரன்கிட்ட சொல்லுடா."

காற்று எங்கள் முதுகிலிருந்து கடலை நோக்கி அடித்தது. கெய்ரன் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல், "என்னமா நடிக்கிறா பாரு. சத்தம் சரியா வருதா?" என்றான்.

கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன்.

எடுத்து முடித்ததும் அவள் ஏன் இன்னும் வரவில்லை, என்ன சொல்கிறாள் என்று கேட்டான். வெளிச்சம் மங்கும்வரை அங்கேயே இருக்கிறாளாம், இன்னொரு காட்சி எடுக்கலாமாம், நம்மைக் காரில் போய்ச் சூடாக உட்காரச் சொல்கிறாள் என்றேன். அவள் பேச்சை எடுத்துச் சொல்ல என்னை விட்டால் ஆளில்லை. அவன் அவளுக்குக் கையாட்டிவிட்டுப் போனான். நான் சத்தத்தைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிக் கரைமேட்டிலேயே நின்றுகொண்டேன்.

எங்கள் ஊரில் கடல் ஆர்ப்பாட்டமாக வராது. ஓடைகளுக்குள் சத்தமில்லாமல் ஏறும். மேட்டிலிருந்து பார்த்தால் புல்வெளி அப்படியேதான் இருக்கும்.

"நீ நிக்கிறது எனக்குத் தெரியுது," என்றாள் இமோஜன். "கேக்குதுன்னா கைய ஆட்டு."

ஆட்டினேன். அவளுக்கு அது தெரிய வேண்டும் அல்லவா?

"அப்பாடா," என்றாள். உதவி வருகிறது என்று நினைத்துக்கொண்டாள் போல. அதன் பிறகு நிறையப் பேசினாள். தண்ணீர் எவ்வளவு குளிர்கிறது என்று சொன்னாள். அவள் தம்பிக்கு அன்று பிறந்தநாள் என்றும், கேக்கை அவள்தான் வாங்கிப்போக வேண்டும் என்றும் சொன்னாள். எனக்கு அதெல்லாம் தெரியவே தெரியாது. பிறகு, "கார்ல பேசினத கேட்டியா? சாரிடா ஜாரெட். நான் அப்படி நினைக்கல. நிஜமா," என்றாள். நான் அப்போதே மன்னித்துவிட்டேன். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை.

பின்னே ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். குறுக்கே பேசுவது எனக்குப் பழக்கமில்லை.

இந்த வகைப் படங்களில் கைபேசிக்கு சிக்னல் கிடைக்காது. அது கட்டாய வழக்கம். என்னுடையது சட்டைப் பையில்தான் இருந்தது, சிக்னலும் நன்றாக இருந்தது. நாங்கள் வழக்கத்தை மீறிய இடம் என்றால் அது ஒன்றைத்தான் சொல்ல வேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகுதான் காருக்கு ஓடினேன். மைக் பாட்டரி தீர்ந்துவிட்டது, அவளைக் காணோம் என்றேன். என்னை ஒருவரும் சந்தேகிக்கவில்லை. அடக்கத்தின்போது இமோஜனின் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, கடைசிவரை அவளுக்காகக் காத்திருந்தவன் நீ என்று அழுதாள். அவள் சொன்னது பொய்யில்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள்: அவளைக் காப்பாற்றியிருக்கலாம். ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். அவள் அடுத்து என்ன சொல்வாள் என்று கேட்க வேண்டும்போல இருந்தது, அதனால் போடவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். வழக்கு முடிந்ததும் அந்தப் பதிவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதில் முதலில் அவள் எல்லோரையும் கூப்பிடுகிறாள், கெய்ரனை, பிப்பாவை, அவள் அம்மாவைக்கூட. போகப் போக அவர்கள் எல்லோரும் போய்விடுகிறார்கள், கடைசியில் என் பெயரை மட்டும்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். நீங்கள் அதை ஆதாரம் என்கிறீர்கள். எனக்கு இருந்த ஒரே சிநேகிதி என்னோடு பேசியது அது.