காலையில் எடுத்த காப்பி

கணக்கு அக்கா: ...அதில்ல தம்பி, சின்ன அப்டேட்னா எவ்வளவு சின்னது?

சர்வர் தம்பி: ரொம்பச் சின்னதுக்கா. நம்ம ஆபீஸ் சாட் ஓடற மெஷின் இதோ, மேசைக்கடியில இருக்கு. அதுல ரெண்டு ஓட்டைய அடைக்கற வேலை, அவ்வளவுதான். உங்களுக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குது?

அக்கா: படியேறி வந்தேன். லிஃப்டுக்கு நிக்கப் பொறுமையில்ல... இதுல ஏதாச்சும் அழிஞ்சு போகுமா?

தம்பி: ஒண்ணும் அழியாது. பயப்படாதீங்க.

அக்கா: கொஞ்சம்கூடவா?

தம்பி: என்னக்கா, ஏமாந்த மாதிரி கேக்கறீங்க?

அக்கா: சும்மா... பொது அறிவுக்கு.

தம்பி: அப்படியே ஊத்திக்கிட்டாலும் கவலையில்ல. காலையிலயே காப்பி எடுத்து வச்சுட்டேன்.

அக்கா: நீயே குடி. எனக்கு இப்பத் தண்ணிகூட எறங்காது.

தம்பி: அந்தக் காப்பி இல்லக்கா. சாட் மொத்தத்துக்கும் ஒரு நகல். அப்டேட் சொதப்பினா அதப் போட்டு, காலையில இருந்த நெலமைக்கே போயிடலாம்.

அக்கா: அப்ப... அதுக்கப்புறம் போட்ட மெசேஜெல்லாம்?

தம்பி: அம்போ.

அக்கா: தம்பி, நீ நல்லா இருப்பே. கொஞ்சம் சொதப்பேன்.

தம்பி: என் பொழப்புல மண்ணப் போடறீங்களே. அப்படி என்ன மெசேஜ் போட்டீங்க?

அக்கா: நான் போட்டேன்னு யாரு... சரி, போட்டேன். ரிசப்ஷன் பொண்ணுக்குன்னு நெனச்சு எல்லாரும் இருக்கற குரூப்புல.

தம்பி: மேனேஜரப் பத்தியா?

அக்கா: அவரோட புது விக்கப் பத்தி. 'தலையில பூனை படுத்திருக்கு, எழுப்பிடாதே'ன்னு.

தம்பி: ...அழிச்சிட வேண்டியதுதானே?

அக்கா: அழிக்கற பட்டனத் தூக்கச் சொன்னவரு அவரு, தூக்கினவன் நீ. மீட்டிங்ல ஃபோன அணைச்சு வச்சிருக்காரு. வெளிய வந்து பாத்தார்னா என் சீட்டு கிழிஞ்சுது. வீட்டுல நான் ஒருத்திதான் சம்பாதிக்கறேன், தம்பி.

தம்பி: அதுக்குக் கீழ யாரு யாரு என்ன எழுதினாங்கன்னு பாத்தீங்களா?

அக்கா: போட்டதும் ஃபோனப் பையில திணிச்சவதான், தொடவே இல்ல. மனசு வையேன்.

தம்பி: அப்டேட்தான் நல்லபடியா முடிஞ்சிடுச்சேக்கா.

அக்கா: முடிஞ்சிடுச்சா... சரி விடு. போய் என் மேசையக் காலி பண்றேன்.

தம்பி: உக்காருங்க. இப்ப ஏறிட்டிருக்கறது காலைக் காப்பி.

அக்கா: நல்லபடியா முடிஞ்சுதுன்னியே?

தம்பி: முடிஞ்சுது. நீங்க படியேறி வர்றதுக்கு முன்னாடியே.

அக்கா: அப்ப இவ்வளவு நேரம் என்னைக் கெஞ்ச விட்டு வேடிக்கை பாத்தியா?

தம்பி: காப்பி ஏற நேரம் ஆகுமில்ல.

அக்கா: படுபாவி... ஆனா எனக்காக உன் வேலைக்கே உலை வச்சுக்கிட்டியேப்பா.

தம்பி: உங்களுக்காக யாருக்கா வச்சா? உங்க மெசேஜுக்குக் கீழ, 'படுத்திருக்கல, செத்துக் கெடக்கு'ன்னு எழுதினதே நான்தான்.