முதல் பக்கத்தில் ஒரு பெயர்

இசையமைப்பாளர் என்று சொன்னால் உடனே "எந்தப் படம் சார்?" என்பார்கள். படமில்லை, மேடையில் இருபது பேர் தாள் வைத்து வாசிக்கிற இசை என்றால் முகம் தொங்கிவிடும். எனக்குப் பழகிவிட்டது. பிழைப்புக்குக் கல்லூரி வேலை. காலையில் பாடம், மாலையில் சொந்த எழுத்து. குறை சொல்ல ஒன்றுமில்லை.

என் மனைவி வயோலா என்ற, வயலினைவிடச் சற்றுப் பெரிய வாத்தியம் வாசிப்பவள். நான் எழுதுவதில் பிழை பார்ப்பதும் அவள்தான். சமையலறை மேசை முழுக்கத் தாள்களைப் பரப்பி, காதில் பென்சிலைச் செருகிக்கொள்வாள். போன வருடம் தந்தி வாத்தியங்களுக்காக ஓர் இரங்கல் இசை எழுதினேன். அதையும் அப்படித்தான் பார்த்தாள்.

"வாத்தியாரே, இந்த இடத்துல பக்கம் புரட்ட எங்களுக்கு மூணாவது கை வேணும்."

"எழுதுறதுதான் என் வேலை. புரட்டுறது உங்க பாடு."

"நடுவுல கொஞ்சம் மௌனம் போடேன். குடியா முழுகிடும்?"

போட்டேன். பிற்பாடு அரங்கமே கண்ணைத் துடைத்துக்கொண்டது அந்த மௌனத்தில்தான்.

"சரி, செத்தது யாரு?" என்று கேட்டாள்.

"யாருமில்ல. சும்மா எழுதினேன்."

"ஐயோ பாவம். இவ்வளவு அழுகையும் வீணா?"

துறைத் தலைவரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். என் பதவியை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்பதை இதை மேடையேற்றும் கச்சேரியை வைத்துத்தான் முடிவு செய்வதாக இருந்தார்கள். ஒத்திகையைக் கேட்டுவிட்டு என்னைத் தனியாக அழைத்தார். "வேலை சுத்தம், தம்பி. ஆனா யாருக்காக அழுறீங்கன்னே தெரியலையே. உங்களுக்கு வாழ்க்கையில ஒண்ணும் நடக்கல போல. தேர்வுக் குழுவுல இது எடுபடாது."

நியாயமான விமர்சனம். வீட்டுக்கு நடந்துகொண்டே யோசித்தேன். அப்பா, அம்மா போய் வெகுகாலம் ஆகிவிட்டது. அவர்களுக்காக இப்போது அழுதால் நானே நம்பமாட்டேன். மாமனார் நல்ல மனிதர், ஆனால் அவருக்கு நாற்பது நிமிட இசை அதிகம். தவிர, அந்த இசை முழுக்க வயோலாதான் பேசுகிறது. பெயர் தானாகவே அமைந்துவிட்டது. நான் அதைக் கவனித்தேன், அவ்வளவுதான்.

எங்களுடையது ஆறாவது மாடி. விடுமுறை நாளில் அவள் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து, உடம்பை வெளியே சாய்த்துக் கண்ணாடியின் வெளிப்புறத்தைத் துடைப்பாள். நான் உள்ளேயிருந்து அவள் முழங்காலைப் பிடித்துக்கொள்வேன். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

"கெட்டியாப் பிடி. உன் புத்தி பாட்டுல போயிடும்."

அந்த விடுமுறையிலும் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு விட்டேன்.

எல்லோரும் மிகவும் அன்பாக இருந்தார்கள். கச்சேரியைத் தள்ளிவைக்கலாமா என்று கேட்டார்கள்; வேண்டாம் என்றேன். அவள் நாற்காலியைக் காலியாகவே விட்டார்கள். அது என் யோசனையில்லை. ஒரு ஸ்வரத்தைக்கூட மாற்றவில்லை, முதல் பக்கத்தில் அவள் பெயரை மட்டும் சேர்த்தேன். துறைத் தலைவர் என்னைக் கட்டிக்கொண்டார். "இப்பதான் தம்பி இதுக்கு உயிர் வந்திருக்கு" என்றார். மறுவாரம் பதவி நிரந்தரமானது.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். இதுவரை வேறு யாரும் கேட்கவில்லை.

வருத்தப்பட்டாயா என்கிறீர்கள். உண்மையைச் சொன்னால், அவள் இருக்கும்போதே முழுவதும் பட்டு முடித்துவிட்டேன்.