பந்தயத் திடலில் நான் சொல்லாமல் விட்டது

23.02.1984 வியாழக்கிழமை காலை 11 மணிக்கு, யாரும் அழைக்காமல் தானாக நிலையத்துக்கு வந்த சௌந்திரம் என்பவர், பெண் காவலர் உடனிருக்க, ஆய்வாளர் முன்பு சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

என் பெயர் சௌந்திரம். வயது 32. கணவர் பெயர் நாச்சிமுத்து, இப்போது உயிருடன் இல்லை. மல்லசமுத்திரத்துக்கு மேற்கே கரட்டுக்காட்டுத் தோட்டத்தில் குடியிருக்கிறேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். கல்யாணமாகிப் பதினான்கு வருடம் ஆகிறது. குழந்தை இல்லை. என் கணவருக்கு இரண்டு போர்வெல் ரிக்கும் நான்கு லாரியும் இருந்தன. சேலம் சூரமங்கலத்தில் லாரி ஆபீஸ் வைத்திருந்தார். அந்த ஆபீஸில் டைப் அடிக்கும் வேலை செய்தவர் சாரதாமணி, வயது 24 இருக்கும். இப்போது இந்த வழக்கில் காவலில் இருப்பவர் அவர்தான்.

இந்த மாதம் 8-ஆம் தேதி மத்தியானம் என் கணவர் தோட்டத்துக்கு வந்து, ராசிபுரம் பக்கம் புதிதாகப் போட்டு இன்னும் திறக்காத ரோட்டில் சனி, ஞாயிறு இரண்டு நாள் கார் பந்தயம் நடப்பதாகவும், அதை நடத்துகிற கிளப்பார் தனக்கு வி.ஐ.பி. பாஸ் இரண்டு கொடுத்திருப்பதாகவும் சொன்னார். பாஸைக் காட்டினார். வழவழப்பான அட்டை, சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. ஒன்றில் அவர் பெயரும் மற்றொன்றில் திருமதி நாச்சிமுத்து என்றும் இருந்தது. நான் எந்தச் சேலை கட்டட்டும் என்று கேட்டேன். அதற்கு அவர், "இந்தா பாரு சௌந்திரம், அங்க வர்ற பொம்பளைங்க எல்லாம் இங்கிலீசுல பேசுவாங்க. நீ வாயத் தொறந்தா என் மானம் போயிரும். நம்ம ஆபீசுல டைப் அடிக்கிற புள்ள வரட்டும். ரெண்டு நாளைக்கு அவ பொஞ்சாதி, நீ சமையக்காரி. அவ்வளவுதான்" என்றார். அவருக்குக் குடல்புண் இருந்தபடியால் வெளியில் காரம் சேராது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாலோ மோர்சாதமோ வேண்டும். அதற்காக நான் கூட வர வேண்டும் என்றார். நான், "செரிங்க" என்றேன்.

அதன் பிறகு 11-ஆம் தேதி சனிக்கிழமை விடிந்ததும் டிரைவர் காத்தான் காரில் சாரதாமணியை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார். அவர் வாசலிலேயே நின்றார். என் கணவர் அவரை உள்ளே கூப்பிட்டு, சேலம் கடைவீதியில் வாங்கிய கவரிங் தாலி ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்து, "நம்ம பக்கத்துத் தாலியாட்டத் தெரியுதா, பாரு" என்றார். நான் பார்த்தேன். கயிறு நீளமாக இருந்தது. சுருக்கி முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். சாரதாமணிக்குக் கனத்த பட்டு கட்டிப் பழக்கமில்லை. என்னுடைய கத்தரிப்பூ நிறப் பட்டை நானே கொசுவம் வைத்துக் கட்டிவிட்டேன். அப்போது அவர் என் காதோரம், "அக்கா, நான் வேண்டாம்னுதாங்க சொன்னேன். வேலையை விட்டு நிறுத்திருவேன்னுட்டாருங்க" என்றார். நான் முந்தானையை இழுத்துச் செருகிவிட்டேன். அதன் பிறகு அவர்கள் இருவரும் பின் சீட்டிலும், நான் ஸ்டவ்வையும் பாத்திரக் கூடையையும் மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் காத்தான் பக்கத்திலும் உட்கார்ந்து போனோம்.

பந்தயம் நடக்கிற இடத்தில் வி.ஐ.பி.களுக்குத் தனியாகப் பந்தல் போட்டிருந்தார்கள். வெள்ளை உறை போட்ட சோபாக்கள், சுழலும் ஃபேன், ஐஸ் பெட்டியில் பீர் பாட்டில்கள், மேஜை நிறைய வறுத்த கோழியும் கேக்கும் இருந்தன. பந்தலுக்குப் பின்னால் ஒரு படுதா கட்டி, அதற்கு அந்தப் பக்கம் வேலைக்காரர்களும் டிரைவர்களும் இருக்க வேண்டும் என்றார்கள். நான் அங்கே ஸ்டவ்வைப் பற்ற வைத்தேன். கார் ஓடியதை நான் பார்க்கவில்லை. சத்தம் கேட்டது. ஒவ்வொரு முறை கார் போகும்போதும் பாலில் புழுதி விழுந்ததால் தட்டுப் போட்டு மூடினேன்.

மத்தியானம் மோர்சாதம் கொண்டுபோய்ப் படுதா ஓரம் நின்று, பழக்கத்தில், "ஏனுங்க" என்று கூப்பிட்டுவிட்டேன். என் கணவர் எழுந்து வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "மொதலாளின்னு கூப்புடு" என்றார். கிளப் செயலாளரின் மனைவி சாரதாமணி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் என்னைப் பார்த்துவிட்டு, "உங்க சமையல்காரம்மா சுத்தமா இருக்காங்களே, எங்கே புடிச்சீங்க?" என்று கேட்டார். அதற்கு என் கணவர், "அது எங்கப்பன் காலத்துல இருந்து ஊட்டோட கெடக்குதுங்க. போன்னாலும் போவாது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சாரதாமணி சிரிக்கவில்லை. அவர் சிரித்திருந்தால் எனக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும். அதன் பிறகு செயலாளர் மனைவி மீந்த கோழியை ஒரு காகிதத் தட்டில் வைத்து என்னிடம் நீட்டினார். சனிக்கிழமை நான் கறி தொடுவதில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வந்து நாய்க்குப் போட்டேன்.

அன்று ராசிபுரத்தில் ஒரு லாட்ஜில் தங்கினோம். இரண்டு அறை எடுத்திருந்தார். ஒன்று அவருக்கும் சாரதாமணிக்கும், அடுத்தது எனக்கு. அதைப் பற்றி வேறு சொல்ல விரும்பவில்லை.

12-ஆம் தேதி ஞாயிறு மத்தியானம் சுமார் இரண்டரை மணிக்குப் பெரிய கார்களின் பந்தயம் நடந்தது. என் கணவர் கையில் கிளாஸோடு சாரதாமணியையும் அழைத்துக்கொண்டு, வளைவில் கட்டியிருந்த மூங்கில் தடுப்பு வரைக்கும் போய் நின்றதாகப் பிறகு தெரிந்தது. நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். பெரிய சத்தம் கேட்டது, அதன் பிறகு கூச்சல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒரு காரின் முன் சக்கரம் கழன்று, வைக்கோல் கட்டுகளைத் தாண்டி வந்து தடுப்பை உடைத்திருந்தது. உடைந்த மூங்கில் என் கணவரின் வலது தொடையைக் கிழித்திருந்தது. தாடையிலும் அடி. சாரதாமணிக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். நான்கு பேர் என் கணவரைத் தூக்கி முதலுதவிக் கூடாரத்துக்குக் கொண்டுபோனார்கள். நானும் பின்னால் போனேன். வேலைக்காரப் பெண் என்று வாசலில் தடுத்தார்கள். சாரதாமணி, "அவங்க வரட்டும்" என்று சொன்னதால் விட்டார்கள்.

கூடாரத்தில் ஒரு டாக்டரும் கம்பவுண்டரும் இருந்தார்கள். தொடையில் இறுக்கிக் கட்டி ரத்தத்தை நிறுத்தினார்கள். தாடையை அசையாமல் தலையோடு சேர்த்துக் கட்டினார்கள். இதனால் என் கணவரால் பேச முடியவில்லை. நினைவு இருந்தது. கண் விழித்திருந்தார். உயிருக்குப் பயமில்லை, சேலம் கொண்டுபோய்த் தையல் போட வேண்டும், அதற்குள் சீழ் பிடிக்காமல் இருக்க ஒரு பென்சிலின் போட்டு அனுப்புகிறேன் என்று டாக்டர் சொன்னார். சொல்லிவிட்டு, சாரதாமணி மார்பில் குத்தியிருந்த ரிப்பன் பாஸைப் பார்த்து, "ஏம்மா, இவருக்கு இதுக்கு முன்னாடி ஊசி எதுவும் ஒத்துக்காம போயிருக்கா?" என்று கேட்டார்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்பு ரிக் வேலையில் என் கணவருக்குக் காலில் கம்பி ஏறி, திருச்செங்கோட்டில் பென்சிலின் ஊசி போட்டார்கள். போட்ட சற்று நேரத்தில் முகம் வீங்கி மூச்சு நின்றுபோய், வேறு மருந்து போட்டுப் பிழைக்க வைத்தார்கள். இனி ஒருமுறை போட்டால் பிழைக்க மாட்டார் என்று அந்த டாக்டர் சொல்லி, பென்சிலின் கூடாது என்று ஒரு சீட்டில் சிவப்பு மையில் எழுதி, அவரிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்தார். அன்று முதல் எந்த டாக்டரிடம் போனாலும் அவர் உட்காருவதற்கு முன்பே நான் அதைச் சொல்லிவிடுவேன். 12-ஆம் தேதி அந்தச் சீட்டு என் இடுப்பில் சுருக்குப் பையில் இருந்தது. அதை இப்போது ஆய்வாளரிடம் ஒப்படைத்திருக்கிறேன்.

டாக்டர் கேட்டதற்குச் சாரதாமணி, "எனக்குத் தெரியலைங்க" என்றார். டாக்டர், "பொண்டாட்டிக்குத் தெரியாம வேற யாருக்கும்மா தெரியும்?" என்று கோபித்தார். சாரதாமணி என் பக்கம் திரும்பி, "அக்கா, உங்களுக்குத் தெரியுங்களா? சொல்லுங்கக்கா" என்றார். டாக்டர் என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றார்.

நான், "சமையலுக்கு வந்தவளுங்க. எனக்கென்ன தெரியும்? ஊட்டுக்காரம்மாளக் கேளுங்க" என்றேன்.

சாரதாமணி என்னையே பார்த்தார். கூடார வாசலில் கிளப்பார் நின்றிருந்தார்கள், செயலாளர் மனைவியும் நின்றிருந்தார். சாரதாமணி அவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு, "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க டாக்டர்" என்றார். ஒத்துக்கொள்கிறதா என்று முதலில் தோலில் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாமா என்று கம்பவுண்டர் கேட்டார். ஆம்புலன்ஸ் வண்டி நிற்கிறது, அதற்கு நேரமில்லை என்று டாக்டர் மருந்தை எடுத்தார். நான் சொன்னதும் அவர்கள் பேசியதும் என் கணவர் காதில் விழுந்தன. அவர் வலது கையைத் தூக்கி என் பக்கம் நீட்டினார். விரலை மூடி மூடித் திறந்தார். தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. டாக்டர் அதைப் பார்த்து, "பயப்படுறார், கையைப் புடிச்சுக்கம்மா" என்று சாரதாமணியின் கையை எடுத்து அவர் கையில் வைத்தார். அவர் உதறினார். சாரதாமணி விடாமல் பிடித்துக்கொண்டார். ஊசி போட்டார்கள். நான் இரண்டு முழ தூரத்தில் பால் ஃபிளாஸ்க்கை வைத்துக்கொண்டு நின்றேன்.

எண்ணிப் பார்க்கவில்லை, இரண்டு மூன்று நிமிடம் இருக்கும். முதலில் கழுத்தைச் சொறிந்தார். அதன் பிறகு கட்டுக்கு உள்ளேயே முகம் வீங்கியது. கட்டைப் பிடித்து இழுத்தார். டாக்டர் ஓடி வந்து வேறு ஊசி போட்டார். மனைவி மட்டும் ஏறட்டும் என்று சொல்லிச் சாரதாமணியை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பியது. சேலம் போகும் வழியில் உயிர் போய்விட்டதாகப் பிறகு சொன்னார்கள். அந்த நேரத்தில் நான் படுதாவுக்குப் பின்னால் போய் ஸ்டவ்வை அணைத்து, அடிப்பிடித்த பால் பாத்திரத்தை மண் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தேன்.

காரைத் தூரத்தில் நிறுத்தியிருந்த காத்தான் அதன் பிறகுதான் வந்து சேர்ந்தார். சேலம் போகும்போது அவர், "ஏனுங்கம்மா, ஊசி ஆகாதுன்னு அவங்ககிட்டச் சொன்னீங்களா?" என்று கேட்டார். திருச்செங்கோட்டில் நடந்தது அவருக்கும் தெரியும். நான், "அந்தப் புள்ளகிட்டச் சொன்னேன். அவதான் டாக்டர்கிட்டச் சொல்லுல" என்றேன். அது பொய். காத்தான் அதை நம்பி என் கொழுந்தனார் சின்னண்ணனிடம் சொல்லியிருக்கிறார். நான் சொல்லியும் சாரதாமணி வேண்டுமென்றே மறைத்துக் கொன்றுவிட்டதாகச் சின்னண்ணன் புகார் கொடுத்தார். அதன் பேரில் 17-ஆம் தேதி சாரதாமணியைப் பிடித்தார்கள். அதற்கு முன்பு 13-ஆம் தேதி, சுடுகாட்டுக்குப் போகிற வழியில் அவர் ஓரமாக வந்து நின்றபோது, எங்கள் பங்காளி வீட்டுப் பெண்கள் அவர் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டு மிதித்தார்கள். கத்தரிப்பூப் பட்டு அப்போதும் அவர் மேலேதான் இருந்தது. மாற்றிக்கொள்ள வேறு எடுத்து வந்திருக்கவில்லை போலிருக்கிறது. நான் விலக்கவில்லை. 18-ஆம் தேதி அவருடைய அம்மா எங்கள் தோட்டத்துக்கு வந்து வாசல் படலுக்கு வெளியே வெயிலில் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். நான் படலைத் திறக்கவில்லை. தண்ணீரும் கொடுக்கவில்லை.

இன்று ஏன் வந்தாய் என்று ஆய்வாளர் கேட்டார். சாரதாமணி மேல் இரக்கப்பட்டு வரவில்லை. நேற்றுச் சின்னண்ணன் ஆஸ்பத்திரிக் காகிதத்தின் நகல் வாங்கி வந்தார். நான் அதை எழுத்துக் கூட்டிப் படித்தேன். உடலை அடையாளம் காட்டியவர் என்ற இடத்தில் சாரதாமணி, இறந்தவரின் மனைவி என்று எழுதி, அவர் கையெழுத்தும் இருந்தது. சின்னண்ணனிடம் காட்டினேன். "அது கெடக்குது, உடுங்க அண்ணி. கேஸு முடியட்டும்" என்றார். இந்தக் கேஸ் கோர்ட்டில் நடந்தால், கணவனைக் கொன்ற மனைவி என்று அங்கே நிற்கப்போவதும் அவர்தான். என் கணவருக்கு மருந்து கொடுத்ததும், பத்தியம் பார்த்ததும், எந்த ஊசி அவரைக் கொல்லும் என்று தெரிந்து வைத்திருந்ததும் நான். இதில் சாரதாமணிக்குப் பங்கு கிடையாது.

இப்படிச் சொன்னால் என் மேல் வழக்கு வரும் என்று ஆய்வாளர் எச்சரித்தார். புரிகிறது. ஊசி போட்டால் என்ன ஆகும் என்று அந்த நேரத்தில் ஞாபகம் இருந்ததா என்று கேட்டார். இருந்தது. அவர் கையை நீட்டியபோதாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டார். சொல்லியிருக்கலாம். பதினான்கு வருடத்தில் அவர் என்னை வேண்டிக் கை நீட்டியது அந்த ஒரு முறைதான். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் போல் இருந்தது.

ஆஸ்பத்திரிக் காகிதத்தில் உள்ள தவறைத் திருத்தித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மேலே கண்டவை நான் சொன்னபடியே எழுதப்பட்டுள்ளன. யாரும் மிரட்டவோ சொல்லிக்கொடுக்கவோ இல்லை. படித்துக் காட்டக் கேட்டேன். கூட்டியதோ குறைத்ததோ இல்லை, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) சௌந்திரம்
இறந்துபோன நாச்சிமுத்துவின் மனைவி

என் முன்பாக,
(ஒப்பம்) காவல் ஆய்வாளர்
23.02.1984