சார்ட்டில் இல்லாத மோட்டார்

புனேயில் ஹிஞ்சேவாடி ஐ.டி. பார்க்குக்குப் போகும் கம்பெனி வண்டி நெரிசலில் நின்றிருந்தது. முன் வரிசையில் ஒரு பெண்ணும் ஓர் ஆணும், யாருக்கும் தமிழ் தெரியாதென்ற தைரியத்தில், லேப்டாப்பைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“எங்கப்பாவ இதுல காணோம்,” என்றாள் அவள்.

“உங்கப்பாவா? எந்த நாட்டு விவசாயம் எவ்ளோ கார்பன் டை ஆக்சைடு விடுதுன்னு போட்ட சார்ட்டுங்க இது.”

“அதான். வெளிநாட்டுக்காரன் டிராக்டருக்கு ஊத்துற டீசல் இருக்குது. எங்க தோட்டத்து மோட்டார் இல்லீங்க.”

“அது டீசல் மோட்டாரா?”

“முன்னாடி டீசல். இப்ப கரண்ட்டு. அந்தப் புகை கரண்ட் தயாரிக்கிறவங்க கணக்குல போயிருதுங்க.”

“நல்லதுதானே? புகை விடுற வரிசையில நம்ம நாடு கீழ எறங்குது.”

“என்ன நல்லது? தண்ணி ஆழத்துக்குப் போயிருச்சு. மோட்டார் முன்னைவிட ரெண்டு மடங்கு நேரம் ஓடுது.”

“அடியில ஒரு குறிப்பு போட்ரலாமா?”

“போட்டா கரண்ட்டையும் சேர்க்கச் சொல்லுவாங்க, எல்லா நாட்டுக்கும் மறுபடி கணக்குப் பார்க்கோணும். மத்தியானம் ரிவ்யூ.”

வண்டி பத்தடி நகர்ந்து நின்றது.

“அப்ப விடுங்க. உங்கப்பா நல்லவராவே இருந்துட்டுப் போகட்டும்.”

அவள் லேப்டாப்பை மூடினாள்.

“சார்ட்டுல நல்லவருதானுங்க. தோட்டத்துலதான் தண்ணியில்ல.”