வாசலில் 37.2

சாதியாவுக்குப் பண்டோங் என்றால் உயிர். பாலில் ரோஜா சிரப்பைக் கொஞ்சம் தாராளமாக ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் பாட்டிலைத் தொடமாட்டாள்.

என் மகளுக்கு நாலு வயது. ரத்த அணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்துபோகும் நோய். டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: காய்ச்சல் முப்பத்தெட்டரையைத் தொட்டால் வீட்டில் மருந்து கொடுத்துக் காத்திருக்காதீர்கள், நேரே வாருங்கள், ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. நானும் தலையாட்டினேன்.

பதினோரு தடவை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஒவ்வொரு தடவையும் நரம்பு கிடைக்காமல் மூன்று நான்கு இடத்தில் குத்துவார்கள். அவள் கையைப் பிடித்துக்கொள்வது என் வேலை. இரண்டு நாள் கழித்து, கிருமி இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்பார்கள். புலி வருது கதைதான். எனக்கு அலுத்துப்போயிற்று, அதை மறைக்கவில்லை.

பாலர் பள்ளி எங்கள் பூன் லே அடுக்குமாடி புளோக்குக்குக் கீழேயே இருக்கிறது. காலையில் வாசலில் வைஷாலி டீச்சர் காய்ச்சல் பார்ப்பார், மதியம் மறுபடியும். கூடுதலாக இருந்தால் போன் வரும், அப்புறம் ஆஸ்பத்திரிதான். அதனால் பன்னிரண்டாவது தடவை காய்ச்சல் மருந்தைக் கொடுத்து, ஒரு மணி நேரம் கார்ட்டூன் காட்டிவிட்டு அழைத்துப்போனேன். ஒன்றும் ஆகவில்லை. அதற்கடுத்த இரண்டு தடவையும் அப்படித்தான். மதியத்துக்கான மருந்தைப் பண்டோங்கில் கலந்து பையில் வைத்துவிடுவேன். இரண்டும் ஒரே நிறம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை என் மனைவி ரஷீதா, வேலை செய்யும் பேக்கரியிலிருந்து போன் செய்தாள்.

"நான் கெளம்புறப்போ பிள்ளைக்கு உடம்பு சுட்டுச்சே, பாத்தீங்களா?"

"பாத்துட்டேன்லா. நார்மல்தான்."

பார்த்திருந்தேன். 38.9. அவள் நடுங்கியதால் ஸ்வெட்டர் போட்டேன். "அத்தா, கால் வலிக்குது, தூக்குங்க" என்றாள். தூக்கிக்கொண்டுதான் போனேன். வாசலுக்கு முன்னால் ஸ்வெட்டரைக் கழற்றினேன்.

மருந்து நன்றாக வேலை செய்தது. மதியத் தூக்கத்திலிருந்து அவளை மூன்று மணி வரை யாரும் எழுப்பவில்லை; எழுப்பியபோது அவள் கண் திறக்கவில்லை. அது அவர்களுடைய கவனக்குறைவு, அதையும் என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடக்கம் செய்து ஒன்பது நாளாகிறது. காலையிலேயே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்கிறார் டாக்டர். ரஷீதா என் முகத்தில் விழிப்பதில்லை. மருந்தைக் கலந்தது நான்தான், வேறு யாருக்கும் தெரியாது.

ஆனால் டீச்சரின் நோட்டையும் பாருங்கள். காலை 37.2, மதியம் 37.4. காய்ச்சலோடு என் பிள்ளையை நான் ஒருநாளும் பள்ளிக்கு அனுப்பியதில்லை.