அவ எந்த நாடு?

இண்டூர் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் பள்ளி ஆசிரியை. மற்றவர் இலங்கை அகதிகள் முகாமில் இருப்பவர்.

“எம் பொண்ணு எந்த நாடுன்னு நீங்களே சொல்லுங்க டீச்சர்” என்றார் முகாம் பெண். அதைக் கேட்டுத்தான் நான் போனிலிருந்து நிமிர்ந்தேன்.

“அதைத்தாங்க நானும் பாஸ்போர்ட் ஆபீஸ்ல கேட்டேன். தருமபுரி ஜி.ஹெச்ல பொறந்த புள்ள, ஒண்ணாவதுல இருந்து நம்ம ஸ்கூல், ஓட்டப்பந்தயத்துல ஸ்டேட் பர்ஸ்ட். வெளிநாட்டுப் போட்டிக்குச் செலக்ட் ஆயிருக்கா, பாஸ்போர்ட் மட்டும் குடுங்கன்னு கெஞ்சிப் பாத்தேன்.”

“என்ன சொன்னாங்க?”

“இங்க பொறந்தா மட்டும் பத்தாதாம். அவங்க நாட்டுல வாங்கிக்கச் சொல்லுங்கன்னாங்க.”

“எங்க நாடா? நானே ரெண்டு வயசுல படகுல வந்தவ. அவ கடலையே பாத்ததில்லீங்க.”

பென்னாகரம் ரோட்டில் பஸ் திரும்பும்போது ஆசிரியை கேட்டார்.

“பாப்பா ரொம்ப அழுதாளா?”

“அழுவல டீச்சர். பரீட்சை பேப்பரை எடுத்துக் காட்டினா. இந்தியக் குடிமக்களோட உரிமைகளை எழுதுன்னு கேட்டிருக்காங்க, அஞ்சுக்கு அஞ்சு வாங்கியிருக்கா. ‘இதுல எனக்கு எதுன்னு டீச்சர்கிட்ட கேட்டுட்டு வாம்மா’ன்னா.”

ஆசிரியை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அந்த அஞ்சு மார்க்கு நான் போட்டதுங்க” என்றார்.