பேசினால் தோற்ற கணக்கு

என் பெயரும் முகவரியும் மேலே குறித்தபடி சரி. வயது நாற்பத்தொன்று. வீட்டில் தையல் வேலை செய்கிறேன். கணவர் பூட்டுக்கடை வைத்திருக்கிறார். இறந்துபோனவர் அவருடைய உடன்பிறந்த தம்பி. அதே கடையில் வேலை பார்த்தார். ஆள் ஒல்லி என்பதாலும் சிறுவயதில் அப்பாவின் பெட்டியை ஊசியால் திறந்தவர் என்பதாலும் வீட்டில் அவரைக் குண்டூசி என்றுதான் கூப்பிடுவோம்.

போன மழைக்காலத்தில் நான் தனியாக இருந்தபோது இரண்டு பேர் வாசல் பூட்டைக் கம்பியால் திறந்து உள்ளே வந்து, தையல் துணியை என் வாயில் அடைத்து, கையைக் கட்டிப் போட்டுவிட்டு, கிடைத்ததை எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் பிடிபடவில்லை. அதன் பிறகு கணவர் என் பெயரில் உரிமத்துக்கு எழுதிப்போட்டு, கைத்துப்பாக்கி வாங்கிக் கொடுத்தார். பயிற்சிக்கும் போய்வந்தேன். தையல் மிஷின் இழுப்பறையில் வைத்திருந்தேன்.

அதைப் பார்த்த கொழுந்தன், "பூட்டுக்காரன் வீட்டுலயே துப்பாக்கின்னா நம்ம பூட்டை எவன்ணே வாங்குவான்?" என்று சிரித்தார். கணவர், "பூட்டு திருடனைக் கொஞ்ச நேரம் நிறுத்தும், அவ்வளவுதான்டா. அதுக்கப்புறம் இவ என்ன பண்ணுவா?" என்றார்.

ஒருவர் போட்ட பூட்டை மற்றவர் சாவியில்லாமல் திறந்து காட்டுவது அண்ணன் தம்பிக்குள் வழக்கம். திறந்து முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. பேசினால் தோற்றதாகக் கணக்கு. சென்ற வாரம் கணவர் தானே செய்த பூட்டை வாசல் கதவில் பொருத்தி, "இதை நீ தெறந்துட்டா மீசையை எடுத்துடறேன்டா" என்றார். கொழுந்தன், "ஞாயித்துக்கிழமை வர்றேன். அண்ணி, பிளேடை எடுத்து வைங்க" என்றார்.

சம்பவம் நடந்தது வியாழக்கிழமை. கணவர் கடையில் இருந்தார். மதியம் நான் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது பூட்டுக்குள் கம்பி உரசியது. போன மழைக்காலத்தில் கேட்ட அதே சத்தம். அதன் பிறகு துப்பாக்கியை எடுத்துக்கொண்டு "யாரு?" என்று கேட்டேன். சத்தம் நின்றது. பதில் வரவில்லை. மறுபடியும் உரசியது. பந்தயம் எனக்கு அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. வாயில் துணி இருப்பதுபோல் இருந்தது. கதவு அசைந்ததும் சுட்டேன்.

அதன் பிறகு கதவு தானாகத் திறந்துகொண்டது. கொழுந்தன் படியில் உட்கார்ந்திருந்தார். கையில் கம்பி இருந்தது. "தெறந்துட்டேன் அண்ணி" என்றார். தைத்துக்கொண்டிருந்த சட்டையை அவர் வயிற்றில் வைத்து அழுத்தினேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் இறந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னவர் வியாழக்கிழமையே ஏன் வந்தார் என்று எனக்குத் தெரியாது.

உயிருக்குப் பயந்து சுட்டேன் என்று மட்டும் சொன்னால் போதும், சட்டம் என் பக்கம்தான் என்று வக்கீல் சொன்னார். பயந்தது உண்மை. ஒரு தடவைதான் கேட்டேன் என்பதும் உண்மை. அதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். துப்பாக்கியைத் திரும்பக் கேட்க மாட்டேன்.

அன்று மாலை பிணவறை வாசலுக்குக் கணவர் வந்தார். மீசையை எடுத்திருந்தார்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் கூட்டவும் குறைக்கவும் எதுவும் இல்லை.

(ஒப்பம்)